1956-ல் நம்ம பக்கத்து ரயில்



"அரியலூர் ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகிய அமைச்சர் யார்?" வகுப்பில் இதைக் கேட்டால் கடைசி பெஞ்சுகூட "சாஸ்திரி" என்று கத்தும். அந்த வண்டியில் வந்தவர்கள் யார், எங்கே போய்க்கொண்டிருந்தார்கள் என்று எந்த வினாத்தாளிலும் நான் கேள்வி பார்த்ததில்லை. அது நம்ம பக்கம் வந்த வண்டி. அதனால்தான் இன்று எழுதுகிறேன்.

1956 நவம்பர் 22 இரவு எழும்பூரிலிருந்து கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அது. திருச்சி, மதுரை, விருதுநகர் வழியாகப் போகும் மீட்டர் கேஜ் வண்டி. அதில் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ வருகிறவர்கள் விருதுநகரில் இறங்கி, 1927-ல் போட்ட தென்காசிப் பாதை வண்டிக்கு மாற வேண்டும்.

அன்று கடும் மழை. அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றில் வெள்ளம். பாலத்தை ஒட்டிய மண்கரையைத் தண்ணீர் அரித்துவிட்டது. மண்கரை போனாலும் தண்டவாளம் உடனே விழுந்துவிடாது. கட்டைகளோடு அந்தரத்தில் தொங்கிக்கொண்டு நிற்கும். எஞ்சின் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் பாதை ஒழுங்காக இருப்பதுபோலவே தெரியும். பாரம் ஏறியதும்தான் அமுங்கும். 23-ம் தேதி விடியும் முன் எஞ்சினும் முன்பக்கப் பெட்டிகளும் ஆற்றுக்குள் போயின. இறந்தவர்கள் 140 பேருக்கும் மேல். தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள்.

அதற்கு இரண்டரை மாதம் முன்புதான், செப்டம்பர் தொடக்கத்தில், ஹைதராபாத் பக்கம் மகபூப்நகர் அருகே இதே மாதிரி வெள்ளத்தில் பாலம் உடைந்து நூறு பேருக்கு மேல் போனார்கள். சாஸ்திரி அப்போதே ராஜினாமா கடிதம் கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு இரண்டாவது கடிதம். தவறு சாஸ்திரியுடையது என்பதால் அல்ல, நல்ல முன்மாதிரியாக இருக்கட்டும் என்றே ஏற்பதாக நேரு சொன்னார். ஜகஜீவன் ராம் அடுத்த ரயில்வே அமைச்சர் ஆனார். துணை அமைச்சராக இருந்த நம் ஓ.வி. அழகேசனைத்தான் தேர்தல் மேடை விடவில்லை. 'ஆண்டது', 'மாண்டது' என்று எதுகை போட்டுத் தி.மு.க. கோஷம் எழுப்பியது. 1957-ல் செங்கல்பட்டில் அவர் தோற்றார்.

அதே நவம்பர் 1-ம் தேதி நம் பாதையில் இன்னொன்று நடந்தது. மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது செங்கோட்டை, திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதுவரை தென்காசியைத் தாண்டி செங்கோட்டையில் இறங்கினால் வேறு ராஜ்யம். அதன்பின் எல்லை மலைக்குள் போய்விட்டது, பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவில் உள்ள குகைப் பாதைக்கு. நிலையமும் தண்டவாளமும் இருந்த இடத்திலேயேதான் இருந்தன, கோடுதான் நகர்ந்தது!

விருதுநகர் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்து உயிர் விட்டதும் அந்த ஆண்டுதான். ஜூலை 27-ல் தொடங்கி அக்டோபர் 13-ல் முடிந்தது. 'தமிழ்நாடு' பெயருக்காக என்று எல்லோருக்கும் தெரியும். அவருடைய கோரிக்கைகள் 12. ரயிலில் எல்லோரும் ஒரே வகுப்பில் பயணம் செய்ய வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. மூன்றாம் வகுப்பு இருந்த காலம் அது. தமிழ்நாடு என்ற பெயர் 1969 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்றாம் வகுப்பு 1974-ல் போனது. ஒரே வகுப்பு மட்டும் இன்றுவரை வரவில்லை. பொதிகையில் முன்பதிவு இல்லாத பெட்டியில் ஒருமுறை ஏறிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கிழவர் என்ன கேட்டார் என்பது புரியும்.

பொதிகையில் சென்னைக்குப் போகிறவர்கள் திருச்சி தாண்டி, அரியலூருக்கு முன் மருதையாற்றைக் கடக்கிறீர்கள். பெரும்பாலும் நல்ல தூக்கத்தில் இருப்பீர்கள்.

உங்கள் வீட்டில் எண்பது வயது தாண்டிய தாத்தா, பாட்டி இருந்தால் அந்த நவம்பர் பற்றிக் கேளுங்கள். தெருவில் யாராவது அந்த வண்டியில் வந்தார்களா, விருதுநகர் ஸ்டேஷனில் யார் போய்க் காத்திருந்தார்கள், செய்தி எப்படி வந்தது. சொல்வதை அவர்கள் பேச்சிலேயே கீழே எழுதுங்கள். பிழை திருத்த மாட்டேன்.