அரைப்பேரும் வெளிறிய கண்ணும்

இன்று பலாபத்வலயைத் தாண்டி மாத்தளைக்குப் பஸ் போகும் ஏ9 பாதையில்தான் கோப்பிக் காலத்தில் எங்கள் ஆட்கள் நடந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கிய கூட்டத்தைக் கங்காணிமார் தம்புள்ளை, நாலந்த வழியாக மலைக்கு ஓட்டிவந்தார்கள். வழியில் காலராவில் செத்தவர்களைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தே வயதாகிப்போன எனக்கு, சாகாமல் வெளிறிப்போனவர்களைப் பற்றித்தான் சொல்ல இருக்கிறது.

லயத்தில் கக்கூஸ் இல்லை, காலில் செருப்பு இல்லை. ஈரமண்ணில் கிடந்த கொழுக்கிப்புழுக் குஞ்சு பாதத் தோலைத் துளைத்து ஏறி, குடலில் தங்கி இரத்தம் உறிஞ்சியது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும். சிலர் மண்ணைத் தின்பார்கள். துரைமார் கண்ணுக்கு அது சோம்பல். வேலை முடிக்காதவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்.

1916இல் ராக்பெல்லர் நிதியத்தார் இலங்கையில் இந்தப் புழுவை ஒழிக்கத் தொடங்கிய இடம் மாத்தளைத் தோட்டங்கள்தான். கீனோபோடியம் எண்ணெயும் பேதி மருந்தும் கொடுத்தார்கள். புழு விழுந்தது. ஆனால் கக்கூஸ் கட்டத் துரைமார் பணம் அவிழ்க்கத் தயங்கினார்கள். அதே மண்ணை மிதித்தவருக்குப் புழு மறுபடியும் ஏறியது.

என் காலத்தில் கீழிமையை இழுத்துப் பார்ப்பேன். வெளுத்திருந்தால் இரும்புக் குளிசை, முருங்கைக்கீரை. "ஐயா, இந்தக் குளிச கேக்குதில்லிங்க" என்று ஒரு பெரியவர் திரும்பத் திரும்ப வந்தார். சாப்பாட்டைக் குறை சொல்லி அனுப்பினேன். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கிரியாட்டினின் எக்கச்சக்கம்; சிறுநீரகம் பழுதாகியிருந்தது.

இரத்த அணுவை உண்டாக்கும்படி எலும்பு மச்சையைத் தூண்டுவது எரித்ரோபொயட்டின். அதில் பெரும்பங்கு சிறுநீரகத்தில் சுரக்கிறது. சிறுநீரகம் பழுதானால் சுரப்பு குறையும். இரும்பு மட்டும் கொடுத்தால் போதாது. ஜப்பானிய நோயாளிகளின் 2,550 லீற்றர் சிறுநீரிலிருந்து ஆய்வாளர் கோல்ட்வாசரின் குழு அதைப் பிரித்தெடுத்தது 1977இல். அமெரிக்காவில் ஊசியாக அனுமதி கிடைத்தது 1989இல். அடுத்த பத்தாண்டில் அநுராதபுரப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் வெளிச்சத்துக்கு வந்தது. எங்கள் மாவட்டத்து வில்கமுவவும் அதற்குத் தப்பவில்லை.

புழுச் சோகைக்காரரைச் சோம்பேறி என்றார்கள். சிறுநீரகச் சோகைக்காரரிடம் நான் கீரை தின்னச் சொன்னேன். இரண்டிலும் பழி நோயாளி தலையில். வெளிறி வருகிறவருக்குப் புத்தி சொல்லுமுன் மலம், சிறுநீர், கிரியாட்டினின் மூன்றையும் சோதித்துவிடுங்கள்.