குஷிங் சிண்ட்ரோம்: காரணம் அறியும் ஹார்மோன் பரிசோதனைகள்

குஷிங் சிண்ட்ரோம், உடலில் கார்டிசால் ஹார்மோனோ அதைப்போல் வேலைசெய்யும் ஸ்டீராய்டு மருந்தோ நெடுநாள் மிகுந்திருப்பதால் வரும் நோய்நிலை. முகம் வட்டமாக உப்பும். வயிறு பருத்து, கைகால் மெலியும். வயிற்றுத் தோலில் செவ்வூதா வரிகள் ஓடும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும். அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1912இல் இதை விவரித்தார். 1932இல் பிட்யூட்டரி சுரப்பியின் சிறு கட்டியோடு இதைத் தொடர்புபடுத்தினார்.

முதலில் கேட்க வேண்டியது மருந்தைப் பற்றி. இந்நோய்க்கு மிகப் பொதுவான காரணம் வெளியிலிருந்து உள்ளே போகும் ஸ்டீராய்டுதான். மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் சீட்டில்லாமல் வாங்கிய மாத்திரை, பெயர் தெரியாத பொடி, தோலுக்குப் பூசிய களிம்பு என எதையும் விடாமல் விசாரிக்க வேண்டும். இவர்களுக்கு முகம் உப்பியிருந்தாலும் இரத்தத்தில் கார்டிசாலும் அதைச் சுரக்கத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோனும் பெரும்பாலும் குறைந்தே இருக்கும். இதைக் கேட்காமல் ஆய்வகத்துக்கு அனுப்புவது பணவிரயம்.

மருந்து காரணமில்லை என்றால், கார்டிசால் உண்மையிலேயே மிகையா என்று பார்க்கிறார்கள். கார்டிசால் விடியலில் ஏறி நள்ளிரவில் இறங்கும். ஆகவே காலையில் ஒருமுறை எடுத்த அளவு எதையும் நிறுவாது. இரவு 11 மணிக்கு டெக்சாமெத்தசோன் என்ற செயற்கை ஸ்டீராய்டை 1 மில்லிகிராம் கொடுத்து, மறுநாள் காலை 8 மணியளவில் இரத்தம் எடுப்பார்கள். நல்ல உடலில் கார்டிசால் டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே அடங்கும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் உட்கொள்பவருக்கு டெக்சாமெத்தசோன் விரைவில் சிதைந்துவிடுவதால் முடிவு பொய்யாகலாம். நள்ளிரவு உமிழ்நீர்ச் சோதனையும் 24 மணி நேரச் சிறுநீர்ச் சோதனையும் துணைக்கு உண்டு.

காரணம் பிரிவது ஏசிடிஎச் அளவில்தான். பிட்யூட்டரியிலிருந்து, கார்டிசாலைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பிக்குப் போகும் கட்டளை அது. மில்லிலிட்டருக்கு 10 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் அட்ரீனல் தானாகவே மிகையாகச் சுரக்கிறது எனலாம். 20க்கு மேல் இருந்தால் மிகைச் சுரப்புக்கான கட்டளை அட்ரீனலுக்கு வெளியிலிருந்து வருகிறது. இடைப்பட்டால் மறுசோதனை.

இங்கேதான் தூத்துக்குடி போன்ற வெப்பக் கரைக்கு ஓர் எச்சரிக்கை. ஏசிடிஎச் விரைவில் சிதையும் பொருள். இரத்தத்தை ஈடிடிஏ குழாயில் எடுத்து, உடனே ஐஸில் வைத்து, குளிர்நிலையில் பிளாஸ்மாவைப் பிரித்து உறையவைக்க வேண்டும். ஐஸ் இல்லாமல் மீன் கரையேறினால் என்னாகும் என்று இந்தத் துறைமுகத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை; ஆனால் கெட்ட மீன் நாறும், கெட்ட மாதிரி நாறாது. ஏசிடிஎச் பொய்யாகக் குறைந்து காட்டி, பழியை அட்ரீனல்மேல் போட்டுவிடும்.

ஏசிடிஎச் மிகுந்திருந்தால் பெரும்பாலும் பிட்யூட்டரிக் கட்டியே காரணம். சிலருக்கு நுரையீரலிலோ வேறிடத்திலோ உள்ள கட்டி. 8 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் கொடுத்தும் கார்டிசால் பாதிக்குமேல் குறையாவிட்டால் பின்னதைச் சந்தேகிப்பார்கள். ஆனால் இச்சோதனையை மட்டும் நம்பமுடியாது. எம்ஆர்ஐ படமும் ஏமாற்றும்: நலமானவர்களிலேயே ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் பிட்யூட்டரியில் சிறு மாற்றம் தென்படும். ஐயம் தீராவிட்டால், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மையங்களில், தொடை வழியாகச் செருகிய மெல்லிய குழாயால் பிட்யூட்டரிக்கு அருகிலுள்ள சிரைகளிலும் உடலின் ஓரச் சிரையிலும் ஒரே நேரத்தில் இரத்தம் எடுத்து ஒப்பிடுகிறார்கள். தலைப்பக்க ஏசிடிஎச் இருமடங்கோ அதற்கு மேலோ இருந்தால் மூலம் பிட்யூட்டரி. ஏசிடிஎச் சுரப்பைத் தூண்டும் மருந்து செலுத்திய பின்னும் மும்மடங்கை எட்டாவிட்டால், தேடல் பெரும்பாலும் நெஞ்சின் சிடி ஸ்கேனுக்கு நகரும்.