மயிற்கொன்றைப் பக்கம்

முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறையுடலி என்று வட்டமாக வரைந்து அம்புக்குறியிட்ட படத்தை, எம்மோடு உயிரியல் படித்த தோழிகள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் படத்துக்கு மூதாதை என்று சொல்லத்தக்கவர் மரியா சிபில்லா மேரியன். 1647 இல் ஜேர்மனியின் பிராங்போட் நகரில் பிறந்தார். சேற்றிலும் அழுகலிலும் இருந்து பூச்சிகள் தாமாகவே தோன்றுகின்றன என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. 13 வயதில் அவர் பட்டுப்புழு வளர்த்து, அது மாறுவதைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். இறைச்சியில் புழு தானாக உண்டாவதில்லை என்று இத்தாலிய வைத்தியர் ரெடி எழுதியது அதற்கு 8 ஆண்டுகள் கழித்துத்தான்.

வரைகலை அவருக்கு வீட்டிலேயே கிடைத்தது. தந்தை செப்புத்தகட்டில் படம் செதுக்குபவர். தந்தை இறந்தபின் தாய் மணந்தவர் பூக்களை வரையும் ஓவியர். மரியாவும் மணம் முடித்தார், இரு பெண் பிள்ளைகளைப் பெற்றார், கணவரைப் பிரிந்தார், 1691 இல் ஆம்ஸ்டர்டாமில் குடியேறினார். அங்கே செல்வந்தர் வீடுகளில் ஊசி குத்திவைத்த வெளிநாட்டு வண்ணத்துப்பூச்சிகளைக் கண்டார். எதைத் தின்று வளர்ந்தவை, எந்தப் புழுவிலிருந்து வந்தவை என்பதைச் சொல்ல அங்கு ஆளில்லை. 1699 இல் தமது ஓவியங்களை விற்ற பணத்தில், 52 வயதில், இளைய மகள் டொரொத்தியாவுடன் தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறினார். யாழ்ப்பாணக் கோட்டையைப் போலவே அதுவும் அப்போது ஒல்லாந்தர் வசம் இருந்தது.

1701 இல் நோய் அவரைத் திருப்பி அனுப்பியது. மலேரியா என்கிறார்கள்; நோயாளியைக் காணாமல் உறுதியாகச் சொல்ல நாம் தயங்குவோம். 1705 இல் 60 படத்தகடுகளுடன் வெளிவந்த நூலில் ஒவ்வொரு பூச்சியும் பெரும்பாலும் தான் தின்னும் செடியோடே நிற்கிறது. ஒரு தகட்டில் பெரிய மயிர்ச்சிலந்தி ஒன்று சிறு பறவையைப் பிடித்திருக்கிறது. பின்வந்த அறிஞர் சிலர் இதைக் கட்டுக்கதை என்றார்கள். 19ஆம் நூற்றாண்டில் பேற்ஸ் என்ற ஆங்கிலேயர் அமேசன் காட்டில் அத்தகைய காட்சியைக் கண்ணால் கண்டு எழுதியபின்தான் பேச்சு அடங்கத் தொடங்கியது.

எம்மை நிறுத்திவைப்பது 45ஆம் தகடு. எங்கள் வளவுகளில் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூக்கும் அதே மயிற்கொன்றை. அடிமைப்பட்ட சுதேசப் பெண்கள் தம் பிள்ளைகளும் அடிமைகளாகக்கூடாதென்று இதன் விதையை உண்டு கருவைக் கலைத்தார்கள் என்றும், ஆபிரிக்க அடிமைப் பெண்கள் பட்ட கொடுமையால் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள் என்றும் மரியா எழுதினார். அதை அவர்களே தம்மிடம் கூறியதாகவும் குறித்தார். நோயாளி சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள் என்று மருத்துவபீடத்தில் எமக்குக் கற்பித்தார்கள். அவர் அப்படித்தான் எழுதியிருக்கிறார். கண்டிக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. அந்தச் செடி ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போனது. அந்தப் பெண்களின் மருத்துவ அறிவை ஐரோப்பிய வைத்தியம் ஏற்கவில்லை.

ஆனாலும் அவருக்காகக் காட்டில் வழி வெட்டியவர்களும் புழுக்களைக் கொண்டுவந்து கொடுத்தவர்களும் அடிமைகளே. சுதேசப் பெண் ஒருத்தியை ஆம்ஸ்டர்டாமுக்கும் அழைத்துச் சென்றார். 1717 இல் இறந்த மரியாவின் முகம் பிற்காலத்தில் ஜேர்மனியின் 500 மார்க் தாளில் அச்சாயிற்று. அந்தப் பெண்ணின் பெயரை அவருடைய நூல் சொல்லவில்லை.