குடை முன்னே, ஊர் பின்னே

சீனத்தின் வட ஷான்சிப் பகுதி முழுவதும் காற்று கொண்டுவந்து குவித்த மஞ்சள் மண். அந்தக் குன்றுகளைக் குடைந்து வீடமைத்து, தினையும் சோளமும் விதைத்து வாழ்ந்த உழவர்களின் ஆட்டம் யாங்கே. வட சீனத்தின் பிற மாநிலங்களிலும் இது உண்டு. வடகிழக்கில் மரக்காலில் நின்று ஆடுவார்கள். ஷான்டோங்கில் நடை வேறு, தாளம் வேறு. ஆயினும் இதன் உயிர்நிலையை அறிய வட ஷான்சிக்கே போக வேண்டும் என்பேன்.

சந்திரப் புத்தாண்டு பிறந்ததும் ஆட்டக்குழு முதலில் ஊர்க்கோயிலை வணங்கும். பிறகு வீடு வீடாகச் சென்று ஆடி வாழ்த்தும். பதினைந்தாம் நாள் விளக்குத் திருவிழாவில் கொண்டாட்டம் உச்சம் தொடும். இடுப்பில் பட்டுத்துணி கட்டி, உடலை இருபுறமும் ஒசித்து வருவார்கள் ஆட்டக்காரர்கள். பெரிய முரசும் கைத்தாளமும் அதிரும். சீவாளி வைத்து ஊதும் சுவோனா அவற்றுக்கும் மேலே ஒலிக்கும்.

அனைவருக்கும் முன்னே வருபவர் குடைக்காரர். அவர் கைக்குடை காலத்தில் மழை பெய்ய வேண்டும் என்ற வேண்டுதல். மறு கையில் வளைய வடிவக் கிலுகிலுப்பை. ஊர் ஊராகத் திரிந்த நாட்டு வைத்தியர்கள் ஒலித்த அதே கருவி, நோய் அண்டாதிருக்க. மழையும் உடல்நலமும் தவிர உழவன் வேறென்ன கேட்பான்! குடைக்காரர் குடையை உயர்த்தியதும் முரசு அடங்கும். அந்த வீட்டுக்கேற்ற பாட்டை அங்கேயே கட்டிப் பாடுவார். கடைசி அடியைக் குழு திருப்பிப் பாடும்.

1942இல் கம்யூனிஸ்ட் தலைவர் மாவோ வட ஷான்சியின் யெனானில் கலை இலக்கியம் பற்றி ஆற்றிய உரைகளுக்குப் பின், 1943இல் புதிய யாங்கே இயக்கம் எழுந்தது. குடையின் இடத்துக்கு அரிவாளும் சுத்தியலும் வந்தன. தெய்வ வணக்கமும் காதல் குறும்பும் நீங்கின. உற்பத்திப் பெருக்கம் பாடுபொருளாயிற்று. தரிசு நிலத்தைத் திருத்தும் அண்ணன் தங்கை கதை அப்போது புகழ்பெற்ற நாடகம். ஆண்களே பெண் வேடம் கட்டிய ஆட்டத்தில் பெண்கள் தாமே ஆட வந்தார்கள். அதை நான் பெரும்பேறாகவே எண்ணுகிறேன். 1949இல் கம்யூனிஸ்ட் படைகளோடு யாங்கே நகரத் தெருக்களையும் அடைந்தது. ஆனால் குடைக்காரரின் சொந்தப் பாட்டுக்கு அங்கே இடமில்லை.

பின்னாளில் ஊர்களில் குடை மீண்டும் விரிந்தது. 2006இல் யாங்கே சீனத்தின் தேசிய மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. நகரப் பூங்காக்களில் மூத்த பெண்கள் மாலை வேளைகளில் ஆடுகிறார்கள். அடவுகளைப் பள்ளியிலும் பயிற்றலாம். குடைக்காரரின் கல்வி வேறு: எந்த வீட்டில் மருமகள் வந்திருக்கிறாள், யார் மகன் வேலை தேடி வெளியூர் போயிருக்கிறான், யார் வயலில் விளைச்சல் பொய்த்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.