ஆட்டக்காரர் பகுதியும் நடத்துநர் பகுதியும் (பாத்திர விளையாட்டு இதழ்களில்)

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்படும் பாத்திர விளையாட்டில் ஒருவர் கதைக்களத்தையும் எதிரிகளையும் மறைபொருள்களையும் கையாளும் நடத்துநராக இருக்க, ஏனையோர் தத்தம் பாத்திரத்தை ஏற்று ஆடுவதால், நடத்துநர் அறிந்தவற்றை ஆட்டக்காரர் முன்கூட்டியே படித்துவிட்டால் ஆட்டத்தின் உயிரே போய்விடுகிறது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் விரிவாக்கப் பதிப்பில் ஆட்டக்காரர் கையேடு 1978-லும் நடத்துநர் வழிகாட்டி 1979-லும் தனித்தனி நூல்களாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

நூலில் எளிதாயிருந்த இப்பிரிவினை, இரு சாராரும் ஒருசேர வாங்கும் இதழில் சிக்கலானது. டிஎஸ்ஆர் நிறுவனம் 1976-இல் தொடங்கிய ‘டிராகன்’ இதழ் மந்திரங்கள், பாத்திர வகைகள், அரக்கர் விவரங்கள் ஆகியவற்றோடு முழுநீளச் சாகசங்களையும், அதாவது நடத்துநர் ஆட்டத்தில் நிகழ்த்திக்காட்டும் ஆயத்தக் கதைகளையும், சில வேளைகளில் ஒரே அட்டைக்குள் தந்தது. 1986-இல் சாகசங்களுக்கென்றே ‘டஞ்சன்’ இதழ் பிறந்தபோது இச்சிக்கல் பெருமளவு தீர்ந்தது. 2002-இல் இவ்விரண்டையும் வெளியிடத் தொடங்கிய பைசோ நிறுவனம், 2004-இல் ‘டிராகனை’ ஆட்டக்காரருக்கும் ‘டஞ்சனை’ நடத்துநருக்கும் உரியவையாக மேலும் தெளிவாக வகுத்தது.

இருப்பினும், நடத்துநர்கள் ஆட்டக்காரர்களைவிட எண்ணிக்கையில் குறைவு. அவர்களுக்கு மட்டுமான இதழின் சந்தை இயல்பாகவே சுருங்கியது. ஆட்டக்காரரிடம் காட்டுவதற்கான படங்களையும் கடிதங்களையும் தனித்தாள்களாக அமைக்கும் முறை, இதழைப் பிரிக்காமலே மறைபொருளைக் காத்த சிறந்த உத்தியாகும். ‘டிராகன்’, ‘டஞ்சன்’ ஆகிய இரு இதழ்களின் அச்சுப் பதிப்புகளும் 2007 செப்டம்பரோடு நின்றன.