உழைப்பும் தீர்மானமும்: மாவோரி மொழிக்கூடுகளில் தன்னார்வத் தலைமை

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரியரின் பண்பாட்டுக் கொண்டாட்டம் என்றதும் ஆய்வாளர் பலரும் மேடையைத்தான் நோக்குகின்றனர். 1972-இல் ரோட்டோருவாவில் தொடங்கிய தேசிய ஆடற்பாடல் விழா, இன்று தே மததீனி என்ற பெயரில் ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. நாடெங்கிலுமிருந்து வரும் குழுக்கள் மாதக்கணக்கில் வார இறுதிகளைப் பயிற்சிக்கே கொடுத்துவிட்டு அங்கே ஆடுகின்றன. அந்த உழைப்பின் மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் அம்மேடையில் நிற்கும் இளைஞர்களில் பலருக்கு மொழி எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டால், விடை வேறோர் இடத்தைச் சுட்டும்: 1982 முதல் குடும்பங்கள் தாமே நடத்திவரும் கோஹங்கா ரெயோ என்னும் மொழிக்கூடுகள். இவை கூலியில்லா உழைப்பால் வளர்ந்தவை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மை. உழைத்தவர்கள் கையிலேயே தீர்மானமும் இருந்ததால்தான் அந்த உழைப்பு பலன் தந்தது. உழைப்பை அவர்களிடம் விட்டுவிட்டுத் தீர்மானத்தை அரசு மெல்ல மெல்லத் தன்வசமாக்கிக் கொண்டபோது இயக்கம் தளர்ந்தது. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதையே.

மொழி நலிந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1867-ஆம் ஆண்டின் பூர்வகுடிப் பள்ளிகள் சட்டம் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்கியது. பள்ளியில் தாய்மொழி பேசியதற்காக அடி வாங்கியதைப் பல தலைமுறையினர் நினைவுகூர்ந்திருக்கின்றனர். இருந்தும் சிற்றூர்களில் வீட்டுமொழியாக அது நிலைத்து நின்றது. பெரிய உடைவு இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரே வந்தது. 1945-இல் மாவோரியரில் ஏறத்தாழ 26 விழுக்காட்டினரே நகரங்களில் வாழ்ந்தனர். 1986-இல் அது 80 விழுக்காட்டை நெருங்கிவிட்டது. வேலை தேடி வந்த குடும்பங்களை, வெள்ளையர் வாழும் தெருக்களில் ஆங்காங்கே சிதறிக் குடியமர்த்துவது அரசின் வீட்டுவசதிக் கொள்கையாகவே இருந்தது. பாட்டியும் பேரனும் ஒரே கூரையின்கீழ் இருந்தால்தானே பேச்சு கைமாறும்? 1970-களில் ரிச்சர்ட் பென்டன் தலைமையில் நடந்த மொழிக் கணக்கெடுப்பு, சரளமாகப் பேசுவோர் ஐந்தில் ஒரு பங்கினர்கூட இல்லை என்றும் அவர்களிலும் பெரும்பாலோர் முதியவர்கள் என்றும் காட்டியது.

இந்தச் சிதறலுக்கு எதிராக நகரங்களில் முதலில் எழுந்தவை தன்னார்வ அமைப்புகளே. வெலிங்டனில் 1930-களின் பிற்பகுதியில் உருவான ங்காட்டி போனேக்கே இளையோர் சங்கமும், 1951-இல் ஃபினா கூப்பரை முதல் தலைவராகக் கொண்டு தொடங்கிய மாவோரிப் பெண்கள் நல லீகும் இவ்வழியில் முன்னோடிகள். 1972-இல் மாவோரி மொழியைப் பள்ளிகளில் கற்பிக்கக் கோரி முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனு நாடாளுமன்றத்துக்குச் சென்றது. மாவோரியருடன் செய்த வைதாங்கி ஒப்பந்தத்தை அரசு மீறியதாக எழும் புகார்களை விசாரிக்கும் வைதாங்கித் தீர்ப்பாயத்தில் மொழிக்காக வழக்காடி, 1986-இன் அறிக்கைக்கும் 1987-இன் மாவோரி மொழிச் சட்டத்துக்கும் வழிகோலியதும் வெலிங்டனைச் சேர்ந்த ஒரு தன்னார்வக் குழுவே.

மொழிக்கூட்டின் கருத்து 1980-களின் தொடக்கத்தில் மாவோரி மூத்தோர் கூடிய அவைகளில் உருப்பெற்றது. முதல் கூடு 1982 ஏப்ரலில் வெலிங்டனுக்கு அருகிலுள்ள வைனுயோமாட்டாவில் திறந்தது. மாவோரி விவகாரத் துறை ஊக்கமும் சிறு தொடக்க மானியமும் தந்தது. இடம், விறகு, சோறு, பேச்சு எல்லாம் குடும்பங்கள் கொண்டுவந்தவை. மராயே என்னும் ஊர்க்கூடத்திலும், தேவாலயத்தின் பக்க அறையிலும், கார் நிறுத்தும் கொட்டகையிலும் கூடுகள் தோன்றின. மூன்றே ஆண்டுகளில் அவை முந்நூறைத் தாண்டின. 1993-இல் 809 கூடுகளில் 14,514 குழந்தைகள் இருந்தனர். பள்ளி வயதுக்கு முந்தைய கல்வியில் இருந்த மாவோரிக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் அவர்கள். எந்த அமைச்சகத்தின் திட்டமும் இந்த வேகத்தைத் தந்திருக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

வேகத்தின் காரணம் அமைப்பின் கட்டுமானத்திலேயே இருக்கிறது. மொழிக்கூடுகளுக்கான தேசிய அறக்கட்டளை வகுத்த நெறிகள் நான்கு தூண்களைச் சொல்கின்றன. கூட்டுக்குள் மாவோரி மொழி மட்டுமே பேசுவது முதலாவது. நிர்வாகமும் தீர்மானமும் ஃபானாவ் எனப்படும் குடும்பக் குழுவிடமே இருப்பது இரண்டாவது. பொறுப்புக்கூறலும், குழந்தை, குடும்பம் ஆகியோரின் நலனும் மற்ற இரண்டு. இரண்டாம் தூண் நடைமுறையில் எதைக் குறித்தது என்பதை அருகிலிருந்து காண வேண்டும். யாரை ஆசானாக அமர்த்துவது, எவ்வளவு கட்டணம் வாங்குவது, செலுத்த இயலாதவரிடம் எப்படி நடந்துகொள்வது, எந்த இறப்புச் சடங்குக்குக் கூட்டை மூடிவிட்டுக் குழந்தைகளோடு செல்வது ஆகியவற்றைக் குடும்பங்கள் கூடிப் பேசி முடிவு செய்தன. காலையில் தரை கூட்டிய தாயே மாலையில் கணக்குப் புத்தகத்தைத் திறந்தாள். மொழி அறியாத பெற்றோர் குழந்தைகளோடு அமர்ந்து தாமும் கற்றனர். அப்படிக் கற்ற பெற்றோர்தான் 1985-இல் மேற்கு ஆக்லாந்தின் ஹோவானி வைத்தித்தி மராயேயில், அரசின் ஒப்புதலுக்குக் காத்திராமல், முதல் மாவோரிவழித் தொடக்கப்பள்ளியைத் தொடங்கினர். சட்டம் அதை 1989-இல்தான் ஏற்றது.

இத்தகைய பணியைத் தன்னார்வம் என்ற சொல்லால் குறிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஓய்வு நேரத்தைத் தனிநபர் விருப்பப்படி வழங்கும் கொடை என்ற பொருளில் மேலைச் சமூகவியல் அதைக் கையாள்கிறது. 2007-இல் நியூசிலாந்து அரசின் சமூக, தன்னார்வத் துறை அலுவலகம் வெளியிட்ட ஆய்வோ மாவோரியரின் பணியைப் பண்பாட்டுக் கடமைகளோடு சேர்த்தே பேசியது. உறவுக் கடமை என்பது அதிகாரத்தையும் உடன் கொண்டுவருகிறது. ஊர்க்கூடத்தின் அடுக்களையில் பல ஆண்டுகள் உழைத்தவரின் குரலுக்கு அவையில் எடை உண்டு. 2016 குளிர்காலத்தில் ஆக்லாந்தின் மாங்கெரே பகுதியிலுள்ள தே புவேயா நினைவு மராயே, வீடின்றிக் கார்களில் உறங்கிய குடும்பங்களுக்குக் கதவைத் திறந்தது. எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. அமைச்சகம் பிறகுதான் வந்து சேர்ந்தது. அங்கே உழைப்பும் தீர்மானமும் ஒரே கையில் இருந்தன.

மொழிக்கூடுகளின் கதையில் இவ்விரண்டும் பிரிந்த கட்டம் 1990-இல் தொடங்குகிறது. மேற்பார்வை மாவோரி விவகாரத் துறையிலிருந்து கல்வி அமைச்சகத்துக்கு மாறியது. பணம் வந்தது, பணத்தோடு கட்டட விதிகளும், உரிம நிபந்தனைகளும், பொதுவான குழந்தைப்பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதிய தரமதிப்பீடும் வந்தன. மழலையர் கல்விக்கான அரசின் 2002-இன் பத்தாண்டுத் திட்டம் பதிவுபெற்ற ஆசிரியர் நடத்தும் மையங்களுக்குக் கூடுதல் நிதி ஒதுக்கியது. குடும்பம் நடத்தும் மொழிக்கூடு இரண்டாம் படிக்கு இறங்கியது. அறக்கட்டளை தானே உருவாக்கிய மூன்றாண்டு வாக்கபாக்காரி பட்டயம், மாவோரி மொழியில் குழந்தை வளர்க்கும் கலையைக் கற்பித்தபோதும், நிதிக் கணக்கில் பதிவுபெற்ற ஆசிரியர் தகுதிக்கு இணையான மதிப்பு அதற்குக் கிடைக்கவில்லை. 2012-இல் வைதாங்கித் தீர்ப்பாயம் வெளியிட்ட ‘மாத்துவா ரௌத்தியா’ அறிக்கை, இந்த நிதி முறை மாவோரிக் குழந்தைகளைப் பிற மையங்களை நோக்கித் தள்ளியது என்றும், அரசு வைதாங்கி ஒப்பந்தக் கடமையில் தவறியது என்றும் கண்டது. அப்போது கூடுகள் ஐந்நூறுக்கும் கீழே சுருங்கியிருந்தன.

இதற்கு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. தாய்மொழியாகப் பேசிய முதியோர் ஒவ்வொருவராக மறைந்தனர். வேலைக்குப் போகும் பெற்றோரால் நாள் முழுதும் கூட்டில் இருக்க முடியவில்லை. மொழித்தரம் எல்லாக் கூடுகளிலும் ஒன்றுபோல் இல்லை. இவற்றை அரசின் தலையில் கட்ட முடியாது. தீர்மானம் குடும்பங்களிடமிருந்து நழுவியதற்குத் தேசிய அறக்கட்டளையின் சொந்த அமைப்பும் ஓரளவு காரணம்: அறங்காவலர் பதவி வாழ்நாள் பதவியாக இருந்ததை மொழிக்கூட்டுக் குடும்பங்களே எதிர்த்துக் குரல் கொடுத்தன. பெண்களின் தோளில் விழுந்த சுமையையும் மறைக்கக் கூடாது. சம்பளம் இல்லாமலோ சொற்பச் சம்பளத்துக்கோ பல்லாண்டு உழைத்த பாட்டிமாரின் பெருமையைப் பாடிவிட்டு, அவர்களின் களைப்பைப் பேசாமல் விடும் எழுத்து நேர்மையானதல்ல. ஆயினும் இம்மறுப்புகள் என் வாதத்தை நெகிழ்த்தவில்லை. முதியோர் குறைந்துவந்த அதே ஆண்டுகளில், அந்த இழப்பை ஈடுகட்ட இயக்கம் கண்ட வழி அதன் சொந்தப் பட்டயப் பயிற்சி. நிதி முறை கீழிறக்கியது அதைத்தான்.

ஆக்லாந்திலும் வெலிங்டனிலும் தமிழ்க் குடும்பங்கள் வார இறுதியில் தன்னார்வத்தால் நடத்தும் தமிழ்ப் பள்ளிகளை அறிந்த வாசகருக்கு இங்கே ஒப்பீடு தோன்றலாம். வேறுபாட்டை மறக்க வேண்டாம். அப்பிள்ளைகள் தமிழை விட்டாலும் அதற்குக் கடலுக்கு அப்பால் நிலம் உண்டு. மாவோரி மொழிக்கு வேறு கரை இல்லை. ஆகவே மொழிக்கூட்டை மற்றொரு குழந்தைப்பள்ளி வகையாக வைத்து அளப்பது அடிப்படையிலேயே பிழை.

2020-இன் வரவுசெலவுத் திட்டம் மொழிக்கூடுகளுக்கு நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 கோடி நியூசிலாந்து டாலர் ஒதுக்கியது. ஊதியம் உயர வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கை இதனால் ஓரளவு நிறைவேறியது, அதை வரவேற்கிறேன். ஆனால் பணம் தீர்க்காத கேள்விகள் இருக்கின்றன. எது நல்ல மொழிக்கூடு என்ற அளவுகோலை வகுப்பது யார்? வாக்கபாக்காரி பெற்றவரை முழுத் தகுதியுள்ள ஆசானாக ஏற்கும் அதிகாரம் யாருக்கு? அடுத்து வரும் ஆய்வுகள் குழந்தைகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு கூட்டின் குடும்ப அவையாலும் எந்தெந்தப் பொருளில் இறுதி முடிவெடுக்க முடிகிறது, எதில் அமைச்சகத்தின் படிவத்தை நிரப்புவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது என்பதைப் பதிவு செய்ய வேண்டும்.