வைக்கத்தில் திறந்த லங்கர்

1924 மார்ச் 30 அன்று, திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் வைக்கத்தில், மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமை வேண்டிச் சத்தியாகிரகம் தொடங்கிற்று. ஏறத்தாழ ஒரு மாதத்தில் பஞ்சாபிலிருந்து அகாலி சீக்கியர்கள் அங்கு வந்து, தொண்டர்களுக்காக இலவச உணவுக்கூடம் திறந்தனர். அதன் பொருளை உணரச் சீக்கியத் திருவிழாக்களின் உள்ளியல்பை அறிதல் வேண்டும்.

சித்திரைப் பிறப்பை ஒட்டிப் பாலக்காட்டு எல்லையோரத்தில் தமிழர் புத்தாண்டும் மலையாளிகள் விஷுவும் கொண்டாடும் வேளையில், பஞ்சாபில் வைசாகி நிகழும். 1699ஆம் ஆண்டு வைசாகியின்போது அனந்தபூரில் குரு கோவிந்த் சிங் கால்சாவை நிறுவினார். ஒரே பாத்திரத்து அமிர்தத்தை முதலில் பருகிய ஐவரும் வெவ்வேறு சாதியினர். அவருள் ஒருவர் தக்காணத்துப் பீதரைச் சேர்ந்த நாவிதர் என்பது சீக்கிய மரபு. வைசாகியாயினும் குரு நானக் பிறந்தநாளாயினும், கிரந்த வாசிப்பு, கீர்த்தனை, ஊர்வலம் ஆகியவற்றோடு விழா முடிவதில்லை. வந்தோர் அனைவரும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து உண்ணும் லங்கர் அதன் பிரிக்கவியலாத அங்கம்.

ஆயினும் சமத்துவம் பஞ்சாபிலும் எளிதில் கைகூடவில்லை. புதிதாக அமிர்தம் பெற்ற ஒடுக்கப்பட்ட சாதியினர் 1920 அக்டோபர் 12 அன்று பொற்கோயிலுக்குக் கொணர்ந்த பிரசாதத்தை ஏற்கப் பூசகர்கள் தயங்கினர். முடிவு கிரந்தத்திடம் விடப்பட்டது. திறந்த பக்கத்தின் வாக்கு அவர்களுக்குச் சாதகமாக அமைந்தது. குருத்வாராக்களைச் சீர்திருத்தும் அகாலி இயக்கம் அதன்பின் வலுப்பெற்றது. ஆகவே, வைக்கம் வந்த சீக்கியர்கள் பிறருடைய வழக்கில் தலையிட்ட அயலார் மட்டுமல்லர். அதே வழக்கைத் தம் கோயில் வாசலில் நான்காண்டுகளுக்கு முன் சந்தித்தவர்கள்.

காந்தியடிகள் இவ்வுணவுக்கூடத்தை ஏற்கவில்லை. தீண்டாமை இந்துக்கள் தாமே களைய வேண்டிய குற்றம்; தொண்டர்கள் வெளியார் அளிக்கும் உணவைச் சார்ந்திருத்தல் தகாது என்பது அவர் கருத்து. பின்னர் அது மூடப்பட்டது.

அதே 1924இல் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்திலும் தெருவில் நடக்கும் உரிமை குறித்த பூசல் எழுந்தது. தேர்த்திருவிழாவின்போதே அது முற்றியது. வைக்கத்தில் 1925 நவம்பரில் மூன்று பக்கத் தெருக்கள் மட்டும் திறக்கப்பட்டன. கோயில் நுழைவுப் பிரகடனத்துக்கு 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காந்தியடிகளின் பார்வையில் அவ்வுணவு வெளியார் ஈந்த தானம். சீக்கிய மரபிலோ லங்கர் தானமன்று, உடனமர்ந்து உண்ணும் வழிபாடு. தெருவில் உடன் நடக்கும் உரிமைக்காகப் போராடியவர்களின் நடுவே பந்தியில் உடனமரும் உரிமையும் சில காலம் விரிந்திருந்தது. எந்தத் திருவிழாவின் சிறப்பையும் அதன் தேரைக்கொண்டு மட்டும் அளத்தல் போதாது. தெருவில் யார் நடக்கலாம், பந்தியில் யார் அமரலாம் என்பதைக்கொண்டும் அளக்க வேண்டும்.